மண்ணுக்குள் உறங்கும் செடிகள்: குளிர்தேசத் தோட்டம் பற்றிக் கேள்வி பதில்

கனடாவின் வின்னிப்பெக்கில் 11 ஆண்டுகள் குடியிருந்து, தோட்டம் போட்டு, சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தவள் நான். இப்போது ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் வெண்டையும் பொன்னாங்கண்ணியும் வளர்க்கிறேன். பிள்ளைகளைக் குளிர்தேசத்துக்கு அனுப்பிவிட்டு "அங்கே என்ன நடலாம்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். வந்த கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, மகள் டொராண்டோ பக்கம் வீடு வாங்கியிருக்கிறாள். வீடியோவில் தோட்டத்தைக் காட்டினாள். எல்லாம் காய்ந்த குச்சியாக நிற்கிறது. பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்லட்டுமா?

தயவுசெய்து பிடுங்கச் சொல்லாதீர்கள். பழைய சொந்தக்காரர் பல்லாண்டுச் செடிகளை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். மேலே இருக்கும் தண்டும் இலையும்தான் மடிகின்றன. கோடை முழுவதும் இலை சமைத்த மாவுச்சத்து, வேரிலும் தூரிலும் பத்திரமாக இருக்கிறது. நம் செங்காந்தளை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் போனதும் கொடி காய்ந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும், அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். அது வறட்சிக்கு ஒளிகிறது, இவை குளிருக்கு ஒளிகின்றன. மே மாதம் முடியும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். ஹோஸ்டா போன்ற சில செடிகள் மற்றவை எல்லாம் எழுந்த பிறகுதான் மெதுவாக எட்டிப் பார்க்கும்.

செடியின் அட்டையில் "மண்டலம் 3", "மண்டலம் 5" என்று போட்டிருக்கிறதாமே, அது என்ன?

அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு அது. ஓர் ஊரின் குளிர்காலம் சராசரியாக எவ்வளவு கீழே இறங்கும் என்று பார்த்து 13 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எண் குறையக் குறையக் குளிர் கூடும். மண்டலம் 3 என்றால் மைனஸ் 34 முதல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை. கனடாவுக்குத் தனி வரைபடமும் உண்டு. உங்கள் ஊர் எண் 5 என்றால் 5 அல்லது அதற்குக் குறைந்த எண் போட்ட செடியை வாங்குங்கள். தொட்டியில் வைப்பதாக இருந்தால் இன்னும் இரண்டு எண் கீழே போங்கள், ஏனென்றால் தொட்டி மண் நாலு பக்கமும் உறையும். இந்தக் கணக்கில் சிங்கப்பூர் கடைசி மண்டலத்தில் வருகிறது.

ஒரே ஒரு செடிதான் வைக்க இடம் இருக்கிறது. எதை வைப்பீர்கள்?

பியோனி. யோசிக்கவே மாட்டேன். சீனப் புத்தாண்டுக்கு நம் ஊர்க் கடைகளில் துணியிலும் தாளிலும் அலங்காரமாகத் தொங்குமே, அந்தப் பூவின் உறவு. நன்றாக ஊன்றிவிட்டால் 50 ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் பூக்கும். பாட்டி நட்டதைப் பேத்தி பறிக்கலாம்.

வகை கேட்டால் 'ஃபெஸ்டிவா மாக்சிமா' என்பேன். 1851-லேயே வந்த பழைய வகை. வெள்ளைப் பூ, நடுவில் சில இதழ்களின் ஓரத்தில் மட்டும் குங்குமம் தெறித்தாற்போல் சிவப்பு. நல்ல வாசனை. பெரிய பூ என்பதால் மழையில் தலை சாயும், முட்டுக் கொடுக்க வேண்டும்.

நடும் ஆழத்தில் மட்டும் கவனம். முதல் பியோனியைச் சேனைக்கிழங்கு நடுவதுபோல் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தேன். நான்கு ஆண்டுகள் இலை செழித்தது, ஒரு மொக்குகூட வரவில்லை. பக்கத்து வீட்டு முதியவர் செப்டம்பரில் வந்து, மண்வெட்டியால் தோண்டி வேரைத் தூக்கிக் காட்டினார். தூரின் தலையில் இளஞ்சிவப்பாக, கொண்டைக்கடலை அளவில், கூரான கண்கள். அந்தக் கண்ணுக்கு மேல் 5 சென்டிமீட்டருக்கு அதிகமாக மண் இருந்தால் பூக்காது. அதாவது இரண்டு விரற்கடைதான். மேலே தூக்கி நட்டேன். மறு ஆண்டு இல்லை, அதற்கடுத்த ஆண்டு ஜூனில் மூன்று பூ. அன்று அழுதுவிட்டேன்.

மொக்கில் எறும்பு மொய்க்கிறதாம். மருந்து அடிக்கலாமா?

வேண்டாம். மொக்கின் வெளியிதழில் கசியும் தேனுக்கு வருகிறது. எறும்பு வந்தால்தான் மொக்கு விரியும் என்பார்கள், அதுவும் சரியில்லை. பூவை வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் உதறிவிடுங்கள், போதும்.

ஐயோ, மைனஸ் 30 என்கிறீர்களே! செடியைக் குளிரிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

ஊருக்கு ஏற்ற செடி என்றால் குளிரால் சாவது குறைவு. ஈரமும், உறைந்த மண் இளகி மறுபடி உறைவதும்தான் கொல்கின்றன. வின்னிப்பெக் மண் களிமண், வசந்தத்தில் தண்ணீர் குளமாக நிற்கும். அந்தத் தண்ணீரில் தூர் அழுகிவிடும். ஆகவே மேட்டுப்பாத்தி போட்டு, மட்கு உரம் கலந்து, தண்ணீர் வடிய வழி செய்யுங்கள்.

அடுத்தது மண் இளகி உறைவது. மார்ச்சில் பகலில் மண் இளகும், இரவில் மறுபடி உறையும். உறையும்போது மண் உப்பிச் செடியை மேலே தள்ளும். ஒரு மார்ச்சில் என் ஹியூகெரா தூர் மண்ணை விட்டு இரண்டு விரற்கடை எழும்பி, வெள்ளை வேர்கள் காற்றில் தொங்க நின்றது. காலால் அழுத்தி உள்ளே தள்ளினேன், பிழைத்தது. இதைத் தடுக்கத்தான் மூடாக்கு. ஆனால் மண் முழுதும் உறைந்த பிறகே இலைச்சருகைப் பரப்ப வேண்டும். சூட்டைக் காப்பதற்காக அல்ல, மண் உறைந்தது உறைந்தபடியே இருப்பதற்காக. பனி விழுந்து மூடினால் அதைவிட நல்ல போர்வை இல்லை. அந்தப் பனியைப் பிடித்து வைக்க, எக்கினேசியா, சீடம் இவற்றின் காய்ந்த தண்டுகளை வெட்டாமல் விடுங்கள். குருவிகளும் வந்து விதை கொத்தும்.

சிங்கப்பூரில் பியோனி வைக்கலாமா? கரையோரப் பூந்தோட்டத்தில் துலிப்கூடப் பூக்கிறதே!

வைக்க முடியாது என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை, ஆனால் அதுதான் உண்மை. பியோனியின் கண் விழிக்க, அதற்கு முன் பல வாரம் உறைநிலையை ஒட்டிய குளிரில் அது கிடக்க வேண்டும். நம் ஊரில் இரவிலும் 24, 25 டிகிரி. உறங்கவே விடாமல் வைத்திருந்தால் செடி இளைத்து இளைத்துப் போய்விடும்.

2012-இல் திறந்த மலர்க்கூடத்தின் துலிப்கள், குளிர்பதனத்தில் உறங்கவைத்த கிழங்குகளிலிருந்து வருபவை. நீங்களும் துலிப் கிழங்கை ஃபிரிட்ஜில், 5 டிகிரி வாக்கில், 12 முதல் 14 வாரம் வைத்துப் பார்க்கலாம். ஆப்பிள் பக்கத்தில் வைக்காதீர்கள், பழம் விடும் வாயுவில் உள்ளே இருக்கும் பூமொக்கு கருகிவிடும். ஏர்கான் அறையில் சில நாள் பூக்கும், அதோடு சரி.

வின்னிப்பெக்கிலும் இதற்கு நேர்மாறாக ஒன்று செய்திருக்கிறார்கள். அசினிபோயின் பூங்காவில் 2022 இறுதியில் திறந்த 'த லீஃப்' கண்ணாடிக் கூடத்தில் வெப்பமண்டலச் செடிகளுக்கு ஒரு பகுதி உண்டு. வெளியே பனி கொட்ட, உள்ளே நம் ஊர்ப் புழுக்கம். மகனைப் பார்க்கப் போனபோது உள்ளே நுழைந்தேன், மூக்கில் ஏறிய ஈர மண் வாசனை அப்படியே ஈசூன்.

அண்ணன் மனைவி எட்மன்டனில் மல்லிகை வைத்தார், பனியில் போய்விட்டது. வாசனைக்கு வேறு என்ன?

மல்லி தொட்டியில்தான் அங்கே பிழைக்கும். இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும் முன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். தரையில் வைக்க ஃப்ளாக்ஸ் (phlox) என்ற பூச்செடியைப் பாருங்கள். 'டேவிட்' என்ற வெள்ளை வகை, அந்தி நேரத்தில் வாசலில் உட்கார்ந்தால் மணம் வரும். மல்லிக்கு ஈடாகுமா என்றால் ஆகாது. ஆனாலும் அது தனி மணம்.

பேரப்பிள்ளை தவழ்கிறான், பூனையும் உண்டு. எதைத் தவிர்க்க வேண்டும்?

முதலில் மாங்க்ஸ்ஹுட். நீலத் தொப்பி போல் அழகாகப் பூக்கும், கடுங்குளிரையும் தாங்கும். ஆனால் சித்த மருத்துவத்தில் சொல்லும் வத்சநாபியின் இனம். வேர் முதல் பூ வரை கொடிய விஷம். பள்ளத்தாக்கு லில்லியும் விஷம். பூனை இருக்கும் வீட்டில் லில்லியும் டேலிலியும் கூடவே கூடாது, சிறுநீரகம் போய்விடும்.

சாப்பிட உதவும் பல்லாண்டுச் செடி உண்டா?

ருபார்ப் வையுங்கள். இலை விஷம், தூக்கி எறியுங்கள். சிவந்த காம்புதான் சாப்பாட்டுக்கு. அந்த ஊர்க்காரர்கள் சர்க்கரை போட்டு இனிப்பு செய்வார்கள். நான் புளிச்சக்கீரை கடைவதுபோல் பருப்பில் போட்டு, பூண்டும் வரமிளகாயும் தாளிப்பேன். புளியே வேண்டாம். அப்புறம், நம் ஈரச்சந்தையில் காய்ந்த பொன்னிறக் குச்சியாகக் கட்டி விற்கும் கிம் சியாம் இருக்கிறதே, அது ஒரு டேலிலியின் மொக்கு. ஆனால் எல்லா டேலிலியும் சாப்பிட ஆகாது. அலங்கார வகையின் மொக்கைப் பறித்துச் சமைக்காதீர்கள்.

திரும்பும்போது ஒரு வேரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாமா?

வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தாலும் இங்கே அது வாடத்தான் போகிறது.

செப்டம்பரில் மூன்று வாரம் மகளோடு இருக்கப் போகிறேன் அக்கா. அதற்குள் என்ன செய்துவிட்டு வரலாம்?

சரியான மாதம் பார்த்துத்தான் போகிறீர்கள். பியோனி நடச் செப்டம்பர்தான் நல்ல காலம். மூன்று முதல் ஐந்து கண் உள்ள வேராக வாங்குங்கள். குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் விழும் இடம், மரத்து வேர் எட்டாத இடம். ஒரு முழ ஆழம் மண்ணைக் கிளறி, உரம் கலந்து, மிதித்து, கண் இரண்டு விரற்கடைக்குள் இருக்கும்படி வையுங்கள். மகளை உங்கள் விரலை வைத்தே அளக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஊர் திரும்பும்வரை நாள் விட்டு நாள் தண்ணீர் ஊற்றுங்கள்.

அடுத்த மே மாதம் படம் அனுப்பச் சொல்லுங்கள். பூவுக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அந்தக் குச்சிக்குப் பக்கத்தில், ஈர மண்ணைப் பிளந்துகொண்டு, பீட்ரூட் நிறத்தில் விரல் நீட்டியதுபோல் முளை நிற்கும். அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.