மகளுக்கு செகண்ட்ஹேண்ட் ஏர் ரைபிள்: 1,10,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 52,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை, மகளின் ரேஞ்ச் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 38,000. வங்கியில் எஃப்.டி. 1,40,000 இருக்கிறது. 14 வயது மகள் ஒரு வருடமாக வார இறுதிகளில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சிக்குப் போகிறாள். சொந்த ரைபிள் வாங்கச் சொல்கிறார் கோச். எட்டு வருடம் பழைய, தொடக்கநிலை ஜெர்மன் ரைபிள் ஒன்று 1,10,000-க்கு வந்திருக்கிறது. எஃப்.டி.யை உடைப்பதா, மனைவியின் நகையை அடகு வைப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் பழைய ரைபிள் வாங்கும் யோசனை சரியானதுதான். இந்த விலைக்கு, இந்த மாதம் வாங்குவதுதான் தவறு.

கோச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தப் போட்டியில் 10 புள்ளி தரும் நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். கிளப் ரைபிளில் ஒவ்வொருவரும் கன்னம் வைக்கும் கட்டையையும் பின்பக்கத் தட்டையும் தன் உடம்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரே அளவில் தினமும் பழகாமல் முன்னேறுவது கஷ்டம்.

பழையது என்பதற்காகவும் பயப்பட வேண்டாம். மென்மையான ஈய பெல்லட்டும் (சிறு குண்டு) குறைந்த வேகமும் என்பதால் ஏர் ரைபிளின் பேரல் (குழல்) எளிதில் தேயாது. நல்ல பராமரிப்பில் இருந்தால் மூன்று வருடம் கழித்தும் விற்கலாம். பேரம் பேசி 85,000-க்கு வாங்கி 60,000-க்கு விற்றால் உங்களுக்கு ஆன செலவு 25,000, அதாவது மாதம் 700 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே.

உண்மையான செலவு பெல்லட்டில் இருக்கிறது. சொந்த ரைபிள் வந்ததும் வாரம் ஐந்து நாள், நாளைக்கு 100 ஷாட் என்று போகும். 500 பெல்லட் கொண்ட டின் வாரத்துக்கு ஒன்று தீரும். மேட்ச் பெல்லட் டின் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 4,000. மூன்று வருடத்தில் 1,44,000. நீங்கள் தயங்கி நிற்கும் ரைபிளின் விலையை விட இது அதிகம். இதோடு போட்டி நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், தங்குமிடம். அப்புறம் சுடும்போது அணியும் ஜாக்கெட்டும் பேன்ட்டும்: ரைபிளை வளரும் பிள்ளைக்கு ஏற்றபடி நீட்டிக்கொள்ளலாம், உடையை அப்படி நீட்ட முடியாது.

அதனால் ‘ரைபிள் வாங்க முடியுமா’ என்று கேட்பதை விட, ‘அடுத்த மூன்று வருடம் மாதம் 4,000, 5,000 கூடுதலாகத் தாங்குமா’ என்று கேளுங்கள். உங்களிடம் மாதம் 14,000 மிஞ்சுகிறது, தாங்கும். ஆனால் ரைபிளுக்காக வாங்கும் கடனின் தவணையும் சேர்ந்தால் மூச்சு முட்டும். ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி என்றால் உங்களுக்கு 2,28,000 வேண்டும். இருப்பதோ 1,40,000. அதிலிருந்து 1,10,000-ஐ எடுத்தால் ஒரு மாதச் செலவுக்குக்கூடக் காணாது. வேலையில் ஒரு சின்னத் தடங்கல் வந்தால், முதலில் நிற்கப்போவது மகளின் பயிற்சிதான்.

இன்று முதல் மாதம் 12,000 தனியாக ஒதுக்குங்கள். ஏழு மாதத்தில் 84,000 சேரும். அதுவரை கிளப் ரைபிளிலேயே, முடிந்தால் வாரத்தில் இன்னும் ஒரு நாள் கூடுதலாகச் சுடட்டும். அந்த நாட்களிலும் அவள் ஆர்வம் குறையாவிட்டால் தயங்காமல் வாங்குங்கள். வாங்கிய பிறகு, பெல்லட் போக மிஞ்சும் 10,000-ஐ ஒன்பது மாதம் அவசர நிதியில் போட்டால் அந்தக் குறையும் தீரும். அதற்குள் இந்த ரைபிள் வேறு யாருக்காவது போய்விட்டால் போகட்டும். விளையாட்டை விட்டு விலகும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து இன்னொன்று வரும்.

இதே விற்பவர் 85,000-க்கு இறங்கி வந்தால் மட்டும் ஒரு விதிவிலக்கு. எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மேல் கடன் வாங்கலாம். வட்டி பொதுவாக எஃப்.டி. வட்டியை விட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். மிஞ்சும் பணம் முழுவதையும் அதற்கே கட்டி ஒன்பது, பத்து மாதத்தில் முடித்துவிடுங்கள். நகையைத் தொட வேண்டாம்.

விலை பேசும்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய துருப்பு, பெல்லட்டைத் தள்ளும் அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர். அதற்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் தயாரித்த தேதியிலிருந்து 10 வருடம். தேதி சிலிண்டர் மேலேயே பொறித்திருக்கும். காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போகக்கூடாது. அதைப் பார்ப்பது சுடுபவரின் பொறுப்பு. எட்டு வருடப் பழைய சிலிண்டர் என்றால், மகளுக்கு 16 வயதாகும்போது புதிது வாங்கியே ஆகவேண்டும். டீலரிடம் அதன் விலையைக் கேட்டு, அந்தத் தொகையை அப்படியே கழிக்கச் சொல்லுங்கள். சீல், ஓ-ரிங் மாற்றும் சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கழியுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் சிலிண்டரை நிரப்பி ரைபிளில் பொருத்தி ஓர் இரவு வைக்கச் சொல்லுங்கள். காலையில் பிரஷர் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. கோச் முன்னிலையில் மகளே நூறு ஷாட்டாவது சுட்டுப் பார்க்கட்டும். 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் .177 அங்குலத்துக்கும், சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. இருந்தாலும் சீரியல் நம்பரோடு பழைய பில்லையும், உங்கள் பெயருக்கு விற்றதாக எழுதிக் கையெழுத்திட்ட தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள். பில் இல்லாத ரைபிளை நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும் நல்ல விலை கிடைக்காது.