பத்து மணிக்குப் படுத்தால்தான் உயரம் வருமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. டியூஷன், வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து படுக்க 12 மணி ஆகிறது. காலை 6 மணிக்கு எழுப்புகிறோம். வளர்ச்சி ஹார்மோன் இரவு 10 முதல் 2 மணி வரைதான் சுரக்கும் என்கிறார்கள். பயந்துபோய் ஒருநாள் காலையில் லேபில் பார்த்தோம், 0.2 நானோகிராம்தான் இருந்தது. ஊசி போட வேண்டுமா?

பதில்: அந்த ரிப்போர்ட்டை வைத்து ஊசி பற்றி யோசிக்கவே வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுக்க ஒரே சீராகச் சுரப்பதில்லை; விட்டுவிட்டுத்தான் பொங்கும். ரத்தத்துக்கு வந்ததில் பாதி 20 நிமிடத்துக்குள் மறைந்துவிடும். நடுவில் ரத்தம் எடுத்தால், நன்றாக வளரும் பிள்ளைக்கும் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். காலையில் ஒரே ஒரு தடவை எடுக்கும் இந்தப் பரிசோதனை காசுக்குக் கேடு.

அந்த 10 மணிக் கணக்கும் சரியில்லை. 1968இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தகஹாஷி என்ற ஆய்வாளரின் குழுவினர் 8 இளம் வயதினரைத் தூங்கவைத்து, மூளை அலைகளைப் பதிவுசெய்துகொண்டே இரவு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆழ்ந்த உறக்கம் தொடங்கியதும் 7 பேருக்கு ஹார்மோன் 13 முதல் 72 நானோகிராம் வரை ஏறியது. தூக்கத்தைத் தள்ளிப்போட்டால் ஏற்றமும் தள்ளிப்போனது. நடுவில் எழுப்பி, இரண்டு மூன்று மணி நேரம் விழித்திருக்கச் செய்து மறுபடி தூங்கவிட்டால் இன்னொரு தடவை ஏறியது. ஆக, இந்த ஏற்றம் முக்கியமாகப் பின்தொடர்வது கடிகாரத்தை அல்ல, உறக்கத்தை.

மூளையின் ஹைப்போதலாமஸில் இதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ஜிஹெச்ஆர்ஹெச் என்ற ஹார்மோன், வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை 'விடு' என்கிறது. சொமட்டோஸ்டாட்டின் 'நிறுத்து' என்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் முதலாவது ஓங்கி, இரண்டாவது தணிகிறது. வேடிக்கை என்னவென்றால், ஜிஹெச்ஆர்ஹெச்சே அந்த உறக்கத்தை ஆழமாக்கவும் செய்கிறது. சுரந்த வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி, எலும்பை வளரவைக்கும் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனை உண்டாக்க, அது திரும்பிவந்து சுரப்பை அடக்குகிறது. ஐஜிஎஃப்-1 நாள் முழுக்க அதிகம் ஏறி இறங்காது என்பதால் டாக்டர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் தூக்கத்தின் முற்பகுதியில் வருவது. 12 மணிக்குப் படுத்தாலும் உங்கள் மகனுக்கு அது கிடைத்துவிடும். அதற்காக 6 மணி நேரத் தூக்கம் போதும் என்று சொல்லமாட்டேன். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். படிப்பு மனதில் நிற்கவே அது தேவை. டியூஷனில் ஒன்றைக் குறைக்க முடியுமா பாருங்கள்.

உயரத்தைச் சுவரில் குறித்து, ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். வருடத்துக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவான வேகம் என்றாலோ, வகுப்பில் எல்லோரையும்விட மிகக் குள்ளம் என்றாலோ குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரிடம் போங்கள். எலும்பின் வளர்ச்சியைக் காட்டும் கை எக்ஸ்ரே, தைராய்டு, ஐஜிஎஃப்-1 எல்லாம் பார்த்தபின் சந்தேகம் இருந்தால்தான், மருந்து கொடுத்து ஹார்மோனைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை.

அப்புறம், தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறானா? மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதையோ டான்சிலோ வீங்கி மூச்சு தடைபட்டால் ஆழ்ந்த உறக்கம் அடிக்கடி கலையும். அப்படியென்றால் முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.