மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டுப் புல்தரையை எப்போது தயார்படுத்துவது?

கேள்வி இதுதான்: கல்முனையில் புது வீடு, முற்றத்தில் புல் பதித்திருக்கிறார்கள், மாரி மழையில் மஞ்சளாகிவிட்டது. வெளிநாட்டுக் காணொளிகளில் வசந்தத்தில் சுரண்டி, விதைத்து, உரம் போடச் சொல்கிறார்கள். சித்திரையில் தொடங்கலாமா?

சித்திரை வரை காத்திருக்காதீர்கள். தை கடைசியில், மழை விட்டு, மண் காலில் அப்பாத முதல் கிழமையிலேயே இறங்குங்கள். நமக்கு வசந்தம் அதுதான்.

நான் ஆரையம்பதியில் இருக்கிறேன். 2019 சித்திரையில், ரொறன்ரோவில் இருக்கும் அக்கா அனுப்பிய காணொளியைப் பார்த்து, புல்லை ஒட்ட வெட்டி, இரும்பு வாரியால் சுரண்டியும் விட்டேன். வைகாசியில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியது. பத்து நாளில் முற்றம் தவிட்டு நிறமாகிவிட்டது. அக்கா அனுப்பியதில் பிழையில்லை, அவவுடைய ஊருக்கு அது சரி. அங்கே பனியில் உறங்கிய புல் அப்போதுதான் விழிக்கிறது. அவர்கள் வளர்ப்பது புளூகிராஸ், ரைகிராஸ் போன்ற குளிர்ப் புல். ஏறக்குறைய 15 முதல் 24 பாகைச் சூட்டில்தான் அது செழிக்கும். நம்முடைய புல்லைக் கெடுப்பது குளிர் இல்லை, தேங்கும் தண்ணீர். நமது ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. நீர் நாட்கணக்கில் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. மணல் மண்ணில் இருந்த தழைச்சத்தும் கழுவப்பட்டுப் போய்விடும். நீங்கள் பார்க்கிற மஞ்சள் பெரும்பாலும் இந்த இரண்டாலும் வந்ததுதான்.

ஆகவே முதல் வேலை மட்டம் பார்ப்பது. இதை மார்கழியிலேயே செய்துவைக்க வேண்டும். மழை விட்ட மறுநாள் காலையில் எங்கெங்கே தண்ணீர் நிற்கிறதோ, அந்த விளிம்பைச் சுற்றித் தென்னை ஈர்க்குக் குத்திவிடுவேன். தையில் தரை காய்ந்தபின் பார்த்தால் பள்ளமே தெரியாது, ஈர்க்குத்தான் காட்டிக்கொடுக்கும். இந்த வருடம் தவறவிட்டிருந்தால், பாசி படிந்து கறுத்த இடங்களைப் பாருங்கள், அவைதான் பள்ளங்கள். அந்த இடத்தில் ஆற்று மணலும் மக்கிய மாட்டெருவும் சரிபாதி கலந்து, சலித்துத் தூவுங்கள். ஒரு தடவைக்கு அரை அங்குலம் போதும், புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. ஆட்கள் நடந்து இறுகிய தடத்தில் அலவாங்கால் சாணுக்கொரு குத்துக் குத்திவிட்டால் வேருக்குக் காற்றுப் போகும்.

எரு பற்றி ஒன்று. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோதுதான் நான் முழுக்க மாட்டெருவுக்கு மாறினேன். படுவான்கரையிலிருந்து வந்த பச்சை எருவை அப்படியே போட்டதில் முற்றமெல்லாம் களை முளைத்துவிட்டது. மாடு தின்ற விதை எருவோடு வரும். இரண்டு மூன்று மாதம் குவித்து, நனைத்து, புரட்டி, கையில் எடுத்தால் மண் வாசம் வருகிற பதத்தில்தான் போட வேண்டும். யூரியா போடுவதென்றால் சதுர மீற்றருக்கு 10 கிராமுக்கு மேல் வேண்டாம். போட்ட உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

அப்புறம் கோரைக் களை. மாரி முடிந்த ஈரத்தில்தான் அது முழுசாக வரும். மேலே பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வந்துவிடும், கிழங்கு உள்ளேயே கிடக்கும். சின்னக் கரண்டியால் தோண்டி, அந்த மெல்லிய வேர்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனால் கறுப்பாகக் கிழங்கு, அதிலிருந்து இன்னொரு கயிறு, அடுத்த கிழங்கு. உடைத்து முகர்ந்தால் மருந்துக் கடை வாசம். ஒரு பிடிக் கோரைக்கு நான் கால்மணி நேரம்கூட உட்கார்ந்திருக்கிறேன். வேறு குறுக்கு வழி எனக்கு அமையவில்லை.

வெறுமையான இடத்துக்கு விதை தேட வேண்டாம். நம் புல் எல்லாம் கொடியோடி வளர்பவை. செழித்த மூலையிலிருந்து கணுவோடு துண்டு எடுத்து, சாணுக்கு ஒன்றாக நட்டால் பங்குனிக்குள் கைகோத்துவிடும். ஆனால் எந்தப் புல் என்று பாருங்கள். பாய்போல் விற்கிற மலேசியப் புல் மாமர நிழலில் அழகாக நிற்கும், உப்பைத் தாங்காது. வெயில் விழுகிற இடத்துக்கு என் தெரிவு அறுகுதான். "ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி" என்று சும்மாவா வாழ்த்துகிறார்கள்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். மலேசியப் புல்லை இரண்டு அங்குலத்தில் நிறுத்துங்கள். அடியில் நிழல் இருந்தால்தான் ஈரம் நிற்கும்.

கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். வாவிக்குப் பக்கத்து வளவுகளில் ஆடி, ஆவணியில் நீர் இறங்க இறங்கக் கரிக்கும். அப்போது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேலேயே படிந்து வெள்ளையாகப் பூக்கும். மூன்று நாளுக்கொரு தடவை, விடியற்காலையில், ஆழமாக நனையும்படி ஊற்றுங்கள். அந்த மாதங்களில் வெட்டவும் வேண்டாம், உரமும் வேண்டாம். அறுகு வைக்கோலாகக் காய்ந்து தெரியும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், ஐப்பசியில் முதல் மழை விழுந்து ஒரு கிழமைக்குள் கணுவில் பச்சை தெரியும்.