நான் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவன், மனைவி திருச்சியில் இருக்கிறார். ஸ்பவுஸ் விசா எப்படி எடுப்பது, எதனால் நிராகரிக்கிறார்கள்?

எல்லாரும் பயப்படுவது கல்யாணம் நிஜம்தான் என்று எப்படிக் காட்டுவது என்பதைப் பற்றி. ஊர் கூடி நடந்த கல்யாணத்துக்கு அந்தப் பயம் அவ்வளவாகத் தேவையில்லை. சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதில்தான் நல்ல விண்ணப்பங்கள் கவிழ்கின்றன. அதனால் பணத்தைப் பற்றி விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

முதலில் ஒரு எல்லைக்கோடு. இது பிரிட்டிஷ் குடியுரிமையோ அங்கே நிரந்தரவாச உரிமையோ உள்ளவரின் துணைக்கான விசா. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவரின் மனைவிக்கு டிபெண்டன்ட் விசா, அதன் விதிகள் வேறு. இருவருக்கும் 18 வயது முடிந்திருக்க வேண்டும், நேரில் சந்தித்திருக்க வேண்டும். "முதலில் விசிட் விசாவில் கூட்டிக்கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விசிட்டராக உள்ளே வந்தவர் அங்கிருந்தபடி ஸ்பவுஸ் விசாவுக்கு மாற முடியாது.

2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஆண்டு வருமான வரம்பு 29,000 பவுண்டு. அதற்கு முன் 18,600. இது 38,700 ஆகப் போகிறது என்ற பழைய செய்தி இன்னும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. அந்த உயர்வை 2024-லேயே நிறுத்திவிட்டார்கள். 29,000 என்பது வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை. பிள்ளைகள் இருந்தால் முன்பு தலைக்கு இவ்வளவு என்று கூட்டுவார்கள், இப்போது அது இல்லை. மனைவி திருச்சியில் மாதம் ஒரு லட்சம் வாங்கினாலும் அந்தச் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் அவர் பெயரில் இருக்கும் வீட்டிலிருந்து வாடகை வந்தால், தகுந்த ஆவணங்களோடு அதைச் சேர்க்கலாம். நீங்கள் பிப் (நீண்டகால நோயோ ஊனமோ உள்ளவர்களுக்கானது), கேரர்ஸ் அலவன்ஸ் (அப்படிப்பட்டவரைப் பராமரிப்பவர்களுக்கானது) போன்ற குறிப்பிட்ட அரசு உதவித்தொகை வாங்குபவர் என்றால் 29,000 வரம்பு பொருந்தாது, போதிய வருமானம் என்ற வேறு அளவுகோலில் பார்ப்பார்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒரே முதலாளியிடம் ஆறு மாதமாக வரம்புக்குக் குறையாத சம்பளம் வாங்கியிருந்தால் 'ஏ' பிரிவு. ஆறு மாதம் ஆகவில்லை என்றால் 'பி' பிரிவு: இப்போதைய சம்பளமும் 29,000-ஐத் தொட வேண்டும், கடந்த 12 மாதத்தில் கைக்கு வந்த மொத்தமும் 29,000-ஐத் தொட வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு 24,000 வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் மார்ச் 10-ல் 33,000 சம்பளத்தில் புது வேலையில் சேர்கிறார். ஜூலை 10-ல் விண்ணப்பித்தால் பழைய வேலையின் எட்டு மாதத்துக்கு 16,000, புதியதன் நான்கு மாதத்துக்கு 11,000, ஆக 27,000. நிராகரிப்பு. அதே ஆள் செப்டம்பர் கடைசியில் சம்பளம் வரும்வரை பொறுத்தால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு முழு மாதச் சீட்டு கையில் இருக்கும், 'ஏ' பிரிவில் சிக்கலில்லாமல் போய்விடும். இரண்டரை மாதப் பொறுமை, அவ்வளவுதான்.

இனி பொருத்தம். மாதம் 2,450 பவுண்டு என்றால் ஆண்டுக்கு 29,400. வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் போக, பென்ஷன் பிடித்தம் இல்லாவிட்டால் கையில் ஏறக்குறைய 2,057 வரும். சீட்டில் 'நெட் பே' 2,057.30 என்று இருந்தால் ஸ்டேட்மென்ட்டிலும் அதே 2,057.30, அதே முதலாளி பெயரில் வரவாகியிருக்க வேண்டும். ஆறு மாதமும் இப்படி ஒவ்வொன்றாக டிக் போட்டுப் பாருங்கள். சம்பளத்தை இரண்டு கணக்கில் பிரித்துப் போடச் சொல்லியிருந்தால் இரண்டு கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் வேண்டும்.

நம்மவர்கள் நடத்தும் கடை, பெட்ரோல் ஸ்டேஷன்களில் சம்பளத்தைக் கையில் தரும் வழக்கம் உண்டு. சீட்டில் உள்ள நெட் தொகையை அப்படியே பேங்கில் கட்டினால்தான் வரிக்கு முந்தைய முழுத்தொகையைக் கணக்கில் எடுப்பார்கள். வாடகைக்கு 600-ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டினால், கட்டிய தொகைதான் உங்கள் வருமானம். முழுதாகக் கட்டிவிட்டு மறுநாள் எடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து மூன்று வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருப்பீர்கள். அந்த மாதச் சீட்டு இளைத்துப்போய் நிற்கும். 'ஏ' பிரிவில் ஆறு மாதத்தில் ஆகக் குறைந்த சம்பள நிலையைத்தான் பார்ப்பார்கள் என்பதால், அந்த மாதம் ஆறுக்குள் விழாதபடி தேதியைத் தள்ளிப் போடுவது உத்தமம்.

ஆறு சீட்டு, அதே ஆறு மாத ஸ்டேட்மென்ட், கூடவே முதலாளியின் கடிதம். அந்தக் கடிதத்தில் நான்கு விஷயம் கட்டாயம்: வேலையில் இருப்பதும் ஆண்டுச் சம்பளமும், எவ்வளவு காலமாக வேலை, இந்தச் சம்பளம் எப்போதிலிருந்து, நிரந்தரமா ஒப்பந்தமா ஏஜென்சியா. ஹெச்ஆர் தரும் வழக்கமான இரண்டு வரிக் கடிதத்தில் மூன்றாவது விடுபட்டுப்போகும், கேட்டு வாங்குங்கள். ஆவணங்களின் கடைசித் தேதி விண்ணப்பத் தேதிக்கு 28 நாளுக்கு முன் போகக் கூடாது. விண்ணப்பத் தேதி என்பது ஆன்லைனில் பணம் கட்டும் நாள்; கைரேகை வைக்கும் நாள் இல்லை. பேங்க் ஆப்பில் இறக்கிய ஸ்டேட்மென்ட் என்றால் பக்கத்துக்குப் பக்கம் பேங்க் முத்திரையோ, பேங்க்கின் கடிதமோ சேர்ப்பது பாதுகாப்பு.

சம்பளம் போதாதவர்கள் சேமிப்பைக் காட்டலாம். 16,000 பவுண்டுக்கு மேல் இருப்பதுதான் கணக்கில் வரும். குறையும் தொகையை 2.5-ஆல் பெருக்கி 16,000-ஓடு கூட்ட வேண்டும். சம்பளம் 27,000 என்றால் குறைவு 2,000. தேவைப்படும் சேமிப்பு 21,000. வருமானமே இல்லையென்றால் 88,500. பணம் ஆறு மாதமாக உங்கள் இருவரில் ஒருவர் பெயரிலோ கூட்டாகவோ இருந்திருக்க வேண்டும், கடனாக இருக்கக் கூடாது. திருச்சி பேங்கில் மனைவி பெயரில் இருக்கும் ஃபிக்ஸட் டெபாசிட், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடியது என்றால் செல்லும். நகை செல்லாது. சொந்தமாகக் குடும்பக் கம்பெனி நடத்தி அதில் டைரக்டராக இருப்பவர்கள் மட்டும் உஷார்: ஆறு மாதச் சீட்டு உங்களுக்கு உதவாது, முழு நிதியாண்டுக் கணக்கு காட்ட வேண்டும், அதோடு சேமிப்பைக் கூட்டவும் முடியாது.

அடுத்த சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் செல்வராஜ்', திருமணச் சான்றில் 'செ. கார்த்திக்', டிகிரியில் 'கார்த்திக் எஸ்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள்; இன்னொரு நாட்டு அதிகாரிக்கு மூன்று பேர். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் போட்டுவிட்டால் முடிந்தது. திருமணத்தைப் பதிவு செய்த சான்றுதான் ஆவணம். மண்டப ரசீதும் பத்திரிகையும் அதற்குத் துணை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்கு மேல் 60 நாள் கூடுதல் கட்டணத்தோடு. யாழ்ப்பாணத்தில் 'எழுத்து' எனப்படும் பதிவுத் திருமணம் முதலிலும் தாலி கட்டுவது சில மாதம் கழித்தும் நடக்கும். படிவத்தில் எழுத்து நடந்த தேதியைத்தான் போட வேண்டும். தாலி கட்டிய தேதியைப் போட்டால் சான்றோடு முரண்படும். தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும் எந்த ஆவணத்துக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும், அதில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் இருக்க வேண்டும். முன்பு மணமாகிப் பிரிந்தவர் என்றால் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரத்துக்கு அங்கே மதிப்பில்லை.

ஆங்கிலத்துக்கு ஏ1 என்ற தொடக்க நிலை போதும் (அதற்கு மேல் ஏ2, பி1 என்று படிப்படியாக ஏறும்). ஐஈஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 என்பது 16 முதல் 18 நிமிடம் நடக்கும் பேச்சுத் தேர்வு. இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைப்பார்கள். பிரிட்டன் விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட தேர்வாக இருக்க வேண்டும். சாதாரண ஐஈஎல்டிஎஸ் அகாடமிக்கில் 7 எடுத்திருந்தாலும் பயனில்லை. ஆங்கில வழியில் பட்டம் படித்தவர் எக்டிஸ் (வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் பிரிட்டன் அமைப்பு) சான்று வாங்கித் தேர்வைத் தவிர்க்கலாம். நன்றாகப் பேசுபவர் முதலிலேயே பி1 எழுதிவிடுவது நல்லது. விசா நீட்டிப்புக்கு ஏ2, நிரந்தரவாசத்துக்கு பி1 கேட்பார்கள். ஒருமுறை ஏற்கப்பட்ட சான்று காலாவதியானாலும் அந்த நிலைக்குச் செல்லும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கும் இலங்கையில் இருப்பவர்களுக்கும் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம், அதுவும் அங்கீகரிக்கப்பட்ட கிளினிக்கில் மட்டும். சான்று ஆறு மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்து சளிப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வர இரண்டு மாதம்கூட ஆகும், அதனால் இதைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

வீடு சொந்தமாக இருக்கத் தேவையில்லை, பெற்றோரோடு இருந்தாலும் பரவாயில்லை. நெரிசல் கூடாது. ஹாலையும் சேர்த்து இரண்டு அறைக்கு மூன்று பேர், மூன்று அறைக்கு ஐந்து பேர் என்பது கணக்கு. 10 வயதுக்குட்பட்ட பிள்ளை அரை ஆள், ஒரு வயதாகாத குழந்தை கணக்கிலேயே இல்லை. உறவுக்கான சான்றில் முந்நூறு கல்யாணப் போட்டோ வேண்டாம். வேறு வேறு காலத்தில் எடுத்த பதினைந்து படம், விமான டிக்கெட், மாதத்துக்கு ஓரிரு பக்கம் வாட்ஸப் உரையாடல் போதும்.

2025 ஏப்ரல் 9 முதல் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க 1,938 பவுண்டு என்று இருந்தது. விசா 33 மாதத்துக்கு என்பதால் ஹெல்த் சர்சார்ஜ் (அங்கே அரசு மருத்துவ வசதிக்கான கட்டணம்) மூன்று ஆண்டுக்கு, ஆண்டுக்கு 1,035 வீதம் 3,105. அந்தக் கணக்கில் மொத்தம் 5,043. கட்டணம் அடிக்கடி ஏறும், கட்டும் அன்று அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டியபின் ஆவணங்களை நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றலாம்; மனைவி விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் போட்டோவும் கொடுக்க வேண்டும். கோப்புப் பெயரை 'சம்பளம் ஏப்ரல்', 'பேங்க் ஏப்ரல்' என்கிற மாதிரி ஜோடி ஜோடியாக வையுங்கள்.

நிராகரித்தால் சர்சார்ஜ் திரும்ப வரும், விண்ணப்பக் கட்டணம் வராது. வெளிநாட்டில் இருப்பவருக்கு மேல்முறையீட்டுக்கு 28 நாள். ஒரு சீட்டோ கடிதமோ விடுபட்டதுதான் காரணம் என்றால், தீர்ப்பாயத்தில் மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட அதைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிப்பதே பெரும்பாலும் சீக்கிரம் முடியும். உறவையே சந்தேகித்து மறுத்திருந்தால் மட்டும், புதிதாகப் பணம் கட்டும் முன் அந்தக் கடிதத்தை ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.