வேல்ஷ் மொழியின் 'க்னெய்ட்' வினை எங்கிருந்து வந்தது? எதற்கெல்லாம் பயன்படுகிறது?

'செய்', 'உருவாக்கு' இரண்டுக்கும் வேல்ஷில் (பிரிட்டனின் வேல்ஸ் பகுதி மொழி) இந்த ஒரு வினைதான். பேச்சில் முதல் ஒலி பெரும்பாலும் தேய்ந்து, வெறும் 'நெய்ட்' என்றே காதில் விழும்.

வேர் மிகப் பழையது. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் (ஐரோப்பாவிலும் வட இந்தியாவிலும் உள்ள பெரும்பாலான மொழிகளுக்கு முன்னோடி) வேலையைக் குறித்த வேரிலிருந்து இது வந்தது. ஆங்கிலத்தின் 'வொர்க்', கிரேக்கத்தின் 'எர்கோன்' இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. "அவற்றில் 'ர்' இருக்கிறதே, இதில் 'ன்' எப்படி?" என்று கேட்கலாம். வேல்ஷில் அந்த ஒலி மாறிவிட்டது. உறவு மொழிகள் பழசை விடவில்லை: 'செய்கிறான்' என்பதற்கு கார்னிஷில் 'க்வ்ரா', பிரெத்தோனில் 'க்ரா'.

அன்றாடப் பேச்சில் இதன் பெரிய வேலை, என்னைக் கேட்டால், துணைவினையாக நிற்பதுதான். 'பார்த்தேன்' என்பதற்கு 'க்வெலைஸ் இ' என்ற வடிவம் இருக்கிறது. ஆனாலும் பலர் 'நெஸ் இ வெல்ட்', அதாவது 'பார்த்தலைச் செய்தேன்' என்கிற மாதிரி சொல்லிவிடுவார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். இந்த ஒரு வினையின் இறந்தகாலத்தை மனப்பாடம் செய்தால் மற்றதெல்லாம் ஓடிவிடும். வடக்கு வேல்ஸில் இதே இடத்தில் 'தாரு' என்றும் கேட்கலாம், அது தனிக்கதை.

அப்புறம், வேல்ஷில் எல்லாவற்றுக்கும் பொதுவான 'ஆமாம்' கிடையாது. 'வ்னெய் டி' (செய்வாயா) என்று கேட்டால் பதில் 'க்னாவ்' (செய்வேன்). திருமண உறுதிமொழியில் மணமக்கள் சொல்வதும் இந்த 'க்னாவ்'தான்.