பாவம் பார்க்கிறவர்கள்

ஐயாவுக்கு வணக்கம்,

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் திரியும் பூனைகளுக்கு நான் நெடுநாளாக உணவு வைத்து வருகிறேன். அவற்றுள் ஒரு பெட்டைப் பூனை, எதிர்வீட்டார் கனடாவுக்குப் போகும்போது விட்டுச் சென்றது. இப்போது மீண்டும் வயிற்றில் குட்டியோடு நிற்கிறது. நான் உணவு வைப்பது தெரிந்தபின், யார் யாரோ உரப்பையில் குட்டிகளைக் கொண்டுவந்து எங்கள் படலையடியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அயலவர்கள் சண்டை பிடிக்கிறார்கள். பூனைகளால் பறவைகள் அழிவதாக ஓர் ஆசிரியரும் கண்டித்தார். உணவு வைப்பதை நிறுத்திவிடவா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். குறித்த நேரத்தில் வைத்து, மிச்சத்தை அள்ளி, இடத்தைக் கழுவிவிட்டால் அயலவரின் கோபம் பாதி தணியும். மீதிக்கும் பூனைக்கும் பெரும்பாலும் தொடர்பிருக்காது. பறவை பிடிப்பது உண்மைதான், ஆனால் பட்டினி போட்டால் பிடிக்காமல் விடும் என்று ஆசிரியர் எண்ணுவாரானால் அவருக்குப் பூனையைத் தெரியாது.

என்னை உறுத்துவது அந்த உரப்பை. அண்மையில் ஒரு கலியாண வீட்டில், வெள்ளி தவறாமல் நல்லூருக்குப் போகிற உறவினர் ஒருவர், வாயில்லாச் சீவனுக்குக் கருத்தடை செய்வது பாவம் என்று நீண்ட நேரம் விளக்கினார். அவர் வீட்டில் குட்டி பிறந்தால் வாலைத் தூக்கிப் பார்த்து, கடுவனை வைத்துக்கொண்டு, பெட்டைகளை மீன் சந்தைக்கு அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். அங்கே தின்னக் கிடைக்குமாம். கண் திறவாத குட்டி எதைத் தின்னும்? முதல் மூன்று வாரங்களில் அதற்குத் தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பால் வேண்டும். தாய் நக்கித் தூண்டாவிட்டால் சிறுநீர் கழிக்கவும் இயலாது. இரக்கப்பட்டு யாராவது பசுப்பால் ஊற்றினால் கழிந்தே இறந்துபோகவும் கூடும். இவ்வளவும் பாவக் கணக்கில் வராதாம், மயக்க ஊசி போட்டு மிருக வைத்தியர் செய்யும் ஒரு சிறு சத்திர சிகிச்சை மட்டும் வருமாம்! 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய் என்பதால், சட்டத்துக்கும் இவர்கள் பயந்ததில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் ஊரோடு இடம்பெயர்ந்தபோது, நாங்களும் பூனையை விட்டுவிட்டுத்தான் போனோம். ஊரே மழையில் சாவகச்சேரிப் பக்கம் நடந்துகொண்டிருந்த அந்த இரவில், அம்மம்மா பானையில் இருந்த சோற்றையெல்லாம் அடுப்படி வாசலில் கொட்டி, மேலே சூடைக் கருவாட்டைப் பிய்த்துப் போட்ட பிறகே படலையைச் சாத்த விட்டார். அடுத்த ஆண்டு திரும்பியபோது வளவில் பூனை இல்லை. அம்மம்மா கடைசிவரை வேறு பூனை வளர்க்கவில்லை. உயிர் தப்ப ஓடியவருக்கே அவ்வளவு உறுத்தல் இருந்தது. விசாவுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து, தளபாடத்தை விற்று, தென்னைகளுக்குத் தண்ணீர் விட ஆள் வைத்துவிட்டுப் போகிறவருக்குப் பூனைக்கு ஓர் ஏற்பாடு செய்ய நேரமில்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

இனி உங்களுக்கு. அந்தப் பெட்டை 'மீண்டும்' குட்டியோடு நிற்பதாக எழுதுகிறீர்கள். முதல் ஈற்றின்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பூனைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 65 நாள்; பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்படும்; அதன் பெட்டைக்குட்டி நான்கைந்து மாதத்திலேயே தாயாகத் தயாராகிவிடும். நம் ஊரில் பகல்பொழுது ஆண்டு முழுவதும் அதிகம் கூடிக் குறைவதில்லை என்பதால், குளிர்நாட்டுப் பூனைகளுக்குள்ள ஓய்வுகூட இவற்றுக்கு இல்லை. சோறு மட்டும் வைத்துக் கருத்தடையை விட்டுவிட்டால், உரப்பைக்காரர் வெளியே செய்வதை நீங்கள் படலைக்கு உள்ளே செய்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்; வைக்க மனம் உள்ளவரிடம்தானே இதைச் சொல்ல முடியும்.

வைத்தியரிடம் முதலில் அந்தப் பெட்டையைக் காட்டுங்கள். இப்போதே செய்யலாமா, ஈன்று குட்டிகள் பால் மறந்த பிறகா என்பதை அவர் சொல்லட்டும். மற்றப் பெட்டைகளையும் நான்கு மாதம் கடந்த குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே இடக்காது நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொன்னால், சிகிச்சை முடிந்தது எது என்று தூரத்திலிருந்தே தெரியும். விசர்நோய்த் தடுப்பூசியையும் அன்றே போட்டுவிடலாம். முதற் பூனைக்கான செலவுச் சீட்டைப் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்புங்கள். காசு கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது அவர்களுடைய பூனை.