உன் ஆபீசிலேயே ஒரு வாத்தியார் இருக்கிறார்

கேள்வி: பி.காம் முடித்து, சிஏ இன்டர் இரண்டு குரூப்பும் தேறி, ஈரோட்டில் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற கட்டாயப் பயிற்சியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றுவது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது, ஜெராக்ஸ் எடுப்பது, இதுதான் வேலை. சாருக்கு எப்போதும் போன், க்ளையன்ட். 25 வருஷமாக அங்கே இருக்கும் அக்கவுன்டன்ட் அண்ணா ஒருவர்தான் ஏதாவது சொல்லித் தருவார்; ஆனால் அவர் சிஏ இல்லை. சென்னையில் பெரிய நிறுவனத்தில் சேர்ந்த என் தோழிக்கு வழிகாட்டவென்றே ஒரு மேனேஜர் இருக்கிறாராம். என் அப்பா தறி ஓட்டுகிறார். இந்தத் துறையில் எங்களுக்கு யாரையும் தெரியாது. விட்டுவிட்டு ஏதாவது கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலைக்குப் போய்விடலாமா? உங்கள் மகள் வயதுதான் எனக்கு, ஒருமையிலேயே எழுதுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள மகளுக்கு,

விட்டுவிடாதே. 2023 ஜூலைக்குப் பிறகு ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. உனக்கு மீதி இருப்பது 16 மாதம். அதை முடிக்காமல் ஃபைனல் எழுத முடியாது. இன்டர் இரண்டு குரூப்பும் தாண்டிய பெண், எட்டு மாதச் சலிப்புக்காக அதைக் கைவிடக் கூடாது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த அக்கவுன்டன்ட் அண்ணாவை ஒரே வரியில் சொல்லிவிட்டு, "ஆனால் அவர் சிஏ இல்லை" என்று கடந்து போயிருக்கிறாய். எனக்கு அந்த வரிதான் மனதில் நின்றது. எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவரும் சிஏ இல்லை.

1986-ல் நான் கோவையில் ஆர்ட்டிகிள் கிளார்க். எங்கள் ஆடிட்டர் நல்ல மனிதர், ஆனால் அவரை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். ஆபீசில் ஒரு பெரியவர் இருந்தார். பழைய மெட்ரிக் படிப்பு, முப்பது வருஷக் கணக்கு அனுபவம். ஒரு நூல் மில்லில் எனக்கு வவுச்சிங், அதாவது செலவுச் சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலை, கொடுத்திருந்தார்கள். லாரி வாடகை வவுச்சர்கள், கட்டுக் கட்டாக. தொகை சரி, கையெழுத்து இருக்கிறது, ரெவின்யூ ஸ்டாம்ப் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பச்சை மையில் டிக் போட்டுக்கொண்டே போனேன். ஒரே நாளில் ஆறு மாதத்தையும் முடித்துவிட்டேன் என்று பெருமையாக அவரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் கட்டைப் பிரித்து நாலைந்து தாள் புரட்டினார். ஒன்றை உருவி என் முன்னால் வைத்தார். "இதில் என்ன தேதி போட்டிருக்கிறது?" என்றார். வாசித்தேன். "அன்றைக்கு என்ன நாள்?" எனக்குத் தெரியவில்லை. சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார். தீபாவளி. "தீபாவளிக்கு மில் கேட் பூட்டியிருக்குமே தம்பி, லோடு ஏற்றியது யார்?" அவ்வளவுதான் கேட்டார். கேட்டுக்குப் போய் வாட்ச்மேனிடம் ரிஜிஸ்டர் வாங்கிப் பார்த்தேன். அந்த லாரி அன்று உள்ளே வரவே இல்லை. அந்த மாதத்தில் அப்படி மூன்று வவுச்சர். மூன்றிலும் என் பச்சை டிக் பளிச்சென்று இருந்தது.

வவுச்சரை அது எழுதப்பட்ட இடத்தோடும் நாளோடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு அதை அப்படிக் காட்டவில்லை. நான் போட்ட டிக்கை ஒருவர் திருப்பிப் பார்த்து, "ஏன்?" என்று கேட்டதால் வந்தது.

அதே பெரியவர்தான் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். வங்கி இருப்பை உறுதி செய்யக் கடிதம் அனுப்பும்போது கவரை க்ளையன்ட் கையில் கொடுக்க விடமாட்டார். "நீயே கொண்டுபோய் தபால் பெட்டியில் போடு. பதில் நம் ஆபீஸ் விலாசத்துக்கு வரட்டும்" என்பார். வெயிலில் நடக்க அலுத்துக்கொள்வேன். 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வங்கிகளிடமிருந்து வரவேண்டிய உறுதிக் கடிதங்களை ஆடிட்டர்கள் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை என்பது பிறகு நடந்த விசாரணைகளில் பெரிய குறையாக வந்தது. ஆடிட்டர்கள் பின்பற்ற வேண்டிய தணிக்கைத் தரநிலை 505 அந்தக் கட்டுப்பாட்டைத்தான் வலியுறுத்துகிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்தத் தபால் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருவோம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதைக் குமாஸ்தா வேலை என்று நினைக்கிறாய். மாதம் 14-ஆம் தேதி, சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி வந்ததும், அதையும் டேலியில் உள்ள கொள்முதல் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஒரு பில் உங்கள் கணக்கில் இருக்கும், 2பி-யில் இருக்காது. சப்ளையர் தன் விற்பனை ரிட்டர்னான ஆர்-1 போடவில்லையா, ஜிஎஸ்டி எண் தப்பா, இல்லை பில்லே பொய்யா? இன்னொரு பில் 2பி-யில் ஒழுங்காக வந்திருக்கும், ஆனால் அது முதலாளி வாங்கிய கார். வரி கட்டியிருந்தாலும் பொதுவாக அதற்கு கிரெடிட் எடுக்க, அதாவது அந்த வரியைக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. ஏன்? ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 17(5)-ஐ எடுத்துப் படி. படித்துவிட்டு அந்த அண்ணாவிடம் போய், இதற்கு முன்னால் இப்படி வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேள். சட்டம் உனக்குத் தெரியும். க்ளையன்ட் எங்கே சறுக்குவார் என்பது அவருக்குத் தெரியும்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "சார், இதை என்ன செய்வது?" என்று போய் நின்றால் எந்த ஆடிட்டரும் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். "சார், இந்த பில் 2பி-யில் இல்லை. சப்ளையரிடம் பேசினேன், அடுத்த மாதம் போடுகிறேன் என்கிறார். அதனால் இந்த மாதம் கிரெடிட் எடுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன், சரியா?" என்று கேட்டுப் பார். இதற்கு அரை நிமிஷம் போதும். நீ தப்பாகச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. 18, 19 தேதிகளில் மட்டும் போகாதே. 20-ஆம் தேதி 3பி என்ற மாத ரிட்டர்னின் கெடு முடியும் வரை எந்த ஆடிட்டருக்கும் காது கேட்காது.

இப்படி இரண்டு மூன்று மாதம் போனபின், "வர்ற டாக்ஸ் ஆடிட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் சார்" என்று வாய்விட்டுக் கேள். மனதுக்குள் வைத்துக்கொண்டு அவராகக் கூப்பிடுவார் என்று காத்திருக்காதே. அதற்கும் மசியவில்லை என்றால், ஆர்ட்டிகிள்ஷிப் மாறுதல் விதிகளை சிஏ இன்ஸ்டிட்யூட் இணையதளத்தில் படித்துவிட்டு முடிவெடு. ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன்: பார்க்காத ஸ்டாக்கைப் பார்த்ததாக எழுதச் சொன்னாலோ, ஸ்டைபெண்டை பேங்கில் போட்டுவிட்டு ரொக்கமாகத் திருப்பிக் கேட்டாலோ ஒருநாளும் அங்கே இருக்காதே.

தோழியைப் பார்த்து ஏங்க வேண்டாம். பெரிய நிறுவனத்தில் ஒரு பெரிய கம்பெனியின் ஒரு பகுதியையே மாதக்கணக்கில் பார்க்க நேரலாம். உன் இடத்தில் ஒரு மஞ்சள் மண்டிக்காரரின் பில்லிலிருந்து பேலன்ஸ் ஷீட் வரை முழுதாகக் கண்ணில் படும். அவளோடு பேசி அவள் படித்ததையும் வாங்கிக்கொள். ஈரோட்டிலேயே இன்ஸ்டிட்யூட் கிளை இருக்கிறது, மாணவர்களுக்கு சிகாசா என்ற சங்கம் இருக்கிறது. கூட்டங்களுக்குப் போ, உனக்கு இரண்டு வருஷம் முன்னால் போகிற ஒரு அக்காவைத் தெரிந்துகொள்.

யாரையும் தெரியாது என்று எழுதியிருந்தாய். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று வந்து, 1933-ல் இந்தியாவின் முதல் பெண் கணக்காயராகத் தேறிய சென்னை ஆர். சிவபோகத்துக்கு முன்னால் நடந்து காட்ட ஒரு பெண்கூட இருந்ததில்லை. உனக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

இந்த மாதம் 20-ஆம் தேதி தாண்டட்டும். 22-ஆம் தேதி டீ நேரத்தில், 2பி-யில் இடிக்கிற ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொண்டு அந்த அண்ணாவிடம் போய் உட்கார். அவர் என்ன கேட்டார் என்று எனக்கு எழுது.